கொட்டகையில் இரண்டு பானை

என்னை இடுப்பில் சுமந்தே வளர்த்த என் அக்கா காத்தாயிக்கு,

நீ போய் நாலு மாதம் ஆகிவிட்டது. ஈப்போவில் எங்கள் சங்கத்து வாசகசாலைச் சுவரில் உன் பேரில் ஒரு இரங்கல் எழுதிக் கண்ணாடி போட்டு மாட்ட வேண்டுமாம். தம்பிக்காரன், அதுவும் பள்ளிக்கூட வாத்தியார், நான்தான் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். "சாதியை ஒழிக்க உயிர் கொடுத்த வீராங்கனை" என்று முதல் வரியையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்.

மூன்று நாளாகக் காகிதமும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். வீராங்கனை என்று எழுதும்போதெல்லாம் உன் சிரிப்புதான் கேட்கிறது. "போடா, கஞ்சி காய்ச்சுனவளுக்கு இம்புட்டுப் பேரா?" என்பாய். அதனால் அந்த இரங்கலை மடித்து வைத்துவிட்டு உனக்கே எழுதுகிறேன். இதைச் சுவரில் மாட்டுவார்களோ, கிழித்துப் போடுவார்களோ, தெரியாது.

எனக்கு வெட்கமாக இருக்கிறது, அக்கா. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலையில் கண்ணாடியில் முகம் பார்த்துச் சவரம் செய்யக்கூடக் கூசுகிறது.

உனக்குத் தெரிந்ததையே உனக்குத் திருப்பிச் சொல்கிறேன் என்று கோபப்படாதே. இதைப் படிக்கப் போகிற மற்றவர்களுக்கு உன்னைத் தெரியாது. தெரிந்த சிலருக்கும் நான் மேடையில் சொன்னதுதான் தெரியும். அது பாதிதான்.

தோட்டத்தில் தாய்மார் விடியுமுன்னே பெரட்டுக் களத்தில் வரிசையில் நின்று பேர் கொடுத்துவிட்டுக் ரப்பர் பாலுக்குக் கித்தா மரம் வெட்டப் போவார்கள். கைப்பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போவார்கள். அத்தாப்புக் கூரை, அரைச் சுவர், உத்தரத்தில் வரிசையாகத் தூளிகள். அங்கே நீதான் ஆயா. உனக்கென்று பிறந்த ஒன்றும் தங்கவில்லை. அத்தானும் கப்பலேறி வந்த இரண்டாம் வருசமே போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாம் உன் மடியில்தான் கிடந்தார்கள். எல்லாம் என்றால் எல்லாமும் இல்லை, அங்கேதான் வந்தது வம்பு.

ஓடைக்கு மேலே மேல் லயம். தங்களை உயர்ந்த சாதி என்று நினைத்துக்கொண்டவர்களின் வீடுகள். ஓடைக்குக் கீழே நம்முடைய கீழ் லயம். வீடு வேறு, தண்ணீர் எடுக்கும் துறை வேறு, சாமி கும்பிடுகிற நாள்கூட வேறு. துரைக்கு இது ஒன்றும் கணக்கில்லை. அவர் கட்டிக் கொடுத்தது ஒரே ஒரு கொட்டகை. கீழ் லயத்துக்காரி கையால் தங்கள் பிள்ளைகள் கஞ்சி குடிப்பதா என்று மேல் லயத்துப் பஞ்சாயத்து கூடியது. அவர்களுக்கு ஒரு பானை, நமக்கு ஒரு பானை. அவர்கள் பானையை அவர்களுடைய அங்கம்மாதான் தொட வேண்டும் என்று விதி போட்டது.

அங்கம்மா நல்ல மனுசி. ஆனால் இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது. அடுப்பையும் பானையையும் நிழலாகத்தான் பார்ப்பாள். ஒரு மழைக்காலத்தில் விறகெல்லாம் ஈரம். ஒரு அடுப்புதான் பற்றியது. மேல் லயத்துப் பிள்ளைகள் பசியில் கத்தின. அப்போது அவளே சொன்னாளாமே: "ஏண்டி காத்தாயி, எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுருலா. யாரு பாக்கப் போறா?"

அன்றிலிருந்து ஒரு பானைதான். தாய்மார் வந்து விடும்போது இரண்டு அடுப்பில் இரண்டு பானை இருக்கும். அவர்கள் மரம் வெட்டும் நிரைக்குப் போனதும் அரிசியெல்லாம் ஒன்றில் விழும். நீ காய்ச்சுவாய், நீயே ஊட்டுவாய். பகலில் அவர்கள் திரும்புமுன் அங்கம்மா இன்னொரு பானையில் கொஞ்சம் கஞ்சித் தண்ணீரைச் சுற்றி ஊற்றிக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். இரண்டு வருசம் இப்படி நடந்தது.

நான் மிஷன் பள்ளியில் படித்து, ஞானஸ்நானம் வாங்கி, ஈப்போவிலேயே வாத்தியாராகி, சங்கத்தில் சேர்ந்து, சமபந்தி வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. என்னைப் படிக்க வைக்க நீ மரம் வெட்டினாய். நான் ஏசு சாமி பக்கம் போனபோதுகூட "உன் சாமி உனக்கு, என் முனியாண்டி எனக்கு, ரெண்டு பேரும் ஒரே வானத்துலதானே இருக்காக" என்று சொல்லிவிட்டு எனக்குச் சோறு போட்டவள் நீ.

பள்ளி விடுமுறையில் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் கொட்டகைக்கு வந்தேன். முட்டி மடக்கி நீ உட்கார்ந்திருந்தாய். முன்னால் அரைவட்டமாகப் பிள்ளைகள், வாயைத் திறந்துகொண்டு. ஒரே கரண்டி. மேல் லயத்துப் பொன்னியின் மகன் வாயில் ஒரு வாய், நம் லயத்துப் பிள்ளை வாயில் அடுத்த வாய். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"அக்கா! இதான் அக்கா சமபந்தி!" என்று கத்தினேன்.

"பந்தியுமில்ல, ஒரு மண்ணுமில்ல. வெறகு ஈரம்லா" என்றாய் நீ. பிறகு உன் முகம் மாறியது. பொன்னியின் மகனை இழுத்து என் முன்னால் நிறுத்தி, என் கையைப் பிடித்து அவன் தலைமேல் வைத்தாய்.

"வெளிய சொல்ல மாட்டேன்னு இது தலையில அடிச்சுச் சொல்லு."

"ஏன் அக்கா ஒளிக்கணும்? நல்லதுதானே செய்யுற?"

"நல்லதுதான். பத்து வருசம் போகட்டும்டா. இதுங்க வளந்து ஒண்ணா மரம் வெட்டப் போவும். அப்ப எவன் வந்து கேப்பான், யாரு கையில தின்னேன்னு? வயித்துக்குள்ள போனதைத் தோண்டி எடுக்க முடியுமா? அது வரைக்கும் வாய மூடிக்கிட்டு இருக்கணும். அம்புட்டுத்தான்."

"அவங்க அம்மாமாருக்குத் தெரியாதா?"

"தெரியுமான்னு நீயும் கேக்காத. தெரியாதுன்னு நானும் சொல்லல."

சத்தியம் செய்தேன். பிள்ளையின் தலை வியர்த்து ஈரமாக இருந்தது. அது என் உள்ளங்கைக்கு இன்றும் தெரியும். ஆனால் உண்மையைச் சொல்கிறேன் அக்கா, திரும்பி வருகிற வழியில் உன்னைக் கோழை என்று நினைத்தேன். படிக்காதவள், பயந்தவள், இப்படித்தான் செய்வாள் என்று நினைத்தேன்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஈப்போவில் சமபந்தி வேண்டுமா, வேண்டாமா என்று விவாதம். வேண்டும் என்பவர்களுக்கு ஒரு பக்கம் பெஞ்சு, வேண்டாம் என்பவர்களுக்கு எதிர்ப்பக்கம். தாமதமாக வந்தவர்கள் எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றார்கள். எதிர்த்தரப்பில் நம் தோட்டத்துச் சின்னக் கிராணி தண்டபாணி, பொன்னியின் அண்ணன், ஆபீசில் எழுத்து வேலை பார்க்கிறவன். மேல் லயத்தில் பிறந்து நன்றாகப் படித்தவன், என்னைவிட நன்றாகவும் பேசுகிறவன். அதை அன்றைக்கு என்னால் பொறுக்க முடியவில்லை.

அவன் எழுந்து என்னைக் காட்டிச் சிரித்துக்கொண்டே கேட்டான்: "வாத்தியாரு ஊரையே ஒரு பந்தியில உக்கார வைக்க வந்திருக்காரு. வைக்கட்டும், வேணாங்கல. இவரு அக்கா காத்தாயி ஆயாவா இருக்கிற கொட்டகையில எத்தன பானை? ரெண்டு! சொந்த அக்காகிட்டயே ரெண்டை ஒண்ணாக்க முடியல, நமக்கு வந்து எலை போடுறாராம்!"

கூட்டம் சிரித்தது. எங்கள் பக்கத்துப் பெஞ்சிலும் ரெண்டு பேர் சிரித்தார்கள். அந்த ரெண்டு பேர்தான் என்னைக் கெடுத்தார்கள் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. இல்லை, என் காது மடல் சூடானது, அவ்வளவுதான். எழுந்து நின்று, "ஒண்ணுதான்! ரெண்டு வருசமா ஒரே பானைதான்!" என்று கத்தினேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. அங்கம்மாவின் பேரைச் சொன்னேன். பானையை நனைத்துக் கவிழ்ப்பதைச் சொன்னேன். எந்த வீட்டுப் பிள்ளைக்கு யார் ஊட்டினாள் என்று பேர் பேராகச் சொன்னேன். "தண்டபாணி, உன் தங்கச்சி மகன் எங்க அக்கா கையில தின்னு கொழுகொழுன்னு இருக்கான். செத்தா போயிட்டான்?" என்றேன். அவன் முகம் வெளுத்து உட்கார்ந்துவிட்டான். எங்கள் ஆட்கள் பெஞ்சுமேல் ஏறி நின்று கை தட்டினார்கள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளைக்கு மாலை போட்டார்கள். கெட்டது வேறு ஆட்கள்.

அந்தச் சனிக்கிழமை மாலையை ஈரத்துணியில் சுற்றி உனக்குப் போடலாம் என்று தோட்டத்துக்குக் கொண்டு வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? எப்பேர்ப்பட்ட முட்டாள் பார்த்தாயா உன் தம்பி. கொட்டகையில் பாதித் தூளிகளை அவிழ்த்துக்கொண்டு போயிருந்தார்கள். உத்தரத்தில் கயிறு மட்டும் தொங்கியது. நீ கீழே உட்கார்ந்து நம் லயத்துப் பிள்ளை ஒன்றுக்கு முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாய்.

"சொல்லிட்டியாடா?"

"பொய் சொல்லச் சொல்றியா அக்கா? உண்மையத்தானே சொன்னேன்."

"உண்மைதான். யாருக்காகச் சொன்ன?"

சாதி ஒழிய வேண்டும் என்று சொன்னேனா? தண்டபாணி உட்கார வேண்டும் என்று சொன்னேனா? இரண்டும் சேர்ந்துதான் இருந்தது என்று சொன்னால் நீ நம்புவாயா?

மேல் லயத்தில் பதினோரு பிள்ளைகளுக்கும் தலை மழித்து, சாணித் தண்ணீர் கரைத்து வாயில் ஊற்றினார்கள். பொன்னியின் மகன் வாந்தி எடுத்தான் என்று கேள்விப்பட்டேன். அங்கம்மாவைச் சாதியை விட்டு விலக்கினார்கள். நெருப்பு கிடையாது, தண்ணீர் கிடையாது, பெற்ற மகனே பேச மாட்டான். கண் தெரியாத கிழவி ஓடைக்குத் தனியாக இறங்கி வாளியில் தண்ணீர் மொண்டு ஏறினாள். கஞ்சி குடித்து வளர்ந்த பிள்ளைகளைத் தாய்மார் மரத்தடிக்கே தூக்கிக்கொண்டு போனார்கள்.

அவர்கள் அப்படிச் செய்ததற்கு நான் ஆச்சரியப்படவில்லை. எங்கள் ஆட்கள் செய்ததுதான் என்னை இன்னும் குத்துகிறது. சங்கத்துத் தலைவர் இருதயம் அண்ணன், ரயில்வேயில் வேலை பார்ப்பவர், தங்கமான மனிதர். ஒரு தீர்மானக் காகிதத்தோடு உன்னிடம் வந்தார். நானும் கூட வந்தேன்.

"காத்தாயிம்மா, இனிமே ஒரே பானைன்னு எழுதி வாசல்ல மாட்டுவோம். ஒத்துக்கிறவன் பிள்ளைய விடட்டும். ஒத்துக்காதவன் தூக்கிக்கிட்டுப் போகட்டும். நீங்க கைநாட்டு மட்டும் வைங்க."

"தூக்கிக்கிட்டுப் போனா அதுங்களுக்கு யாருண்ணே கஞ்சி ஊத்துவா?"

"அது அவங்க பாடு."

"பெரியவுக பாடு சரி. பிள்ளைங்க பாடு?"

இருதயம் அண்ணன் என்னைப் பார்த்தார். நீ விடவில்லை. "ரெண்டு பானைய அப்படியே வைக்கிறேண்ணே. எதுல வேணும்னு அவங்களே சொல்லட்டும். நான் தொடக்கூடாதா, தொடல. அங்கம்மாவ மட்டும் திரும்பக் கூட்டியாரச் சொல்லுங்க. பிள்ளைங்க வந்தாப் போதும். இப்ப ரொம்ப சூசாவா, கஷ்டமா இருக்கு."

"அப்ப நீங்களே சாதிய ஒத்துக்கிறீங்களா?"

"நான் எதையும் ஒத்துக்கல. அதுங்களுக்குப் பசிக்குது."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? மறந்திருக்க மாட்டாய். "அக்கா, எல்லார் முன்னாலயும் மானத்த வாங்காத. கைநாட்டு வை" என்றேன். நீ காகிதத்தையும் பார்த்தாய், என்னையும் பார்த்தாய். பெருவிரலைச் சேலைக்குள் மடித்துக்கொண்டாய்.

அதன் பிறகு உனக்கு மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி. மேல் லயத்துக்கு நீ தீட்டுக்காரி. நம் லயத்து இளவட்டங்களுக்கு நீ மேல் லயத்துக் காலைப் பிடிக்கிறவள். "ஆயா யாரு கட்சி?" என்று கேட்டுச் சிரித்தார்களாம். நீ யார் கட்சியும் இல்லை என்பது எவன் மண்டையிலும் ஏறவில்லை. என் மண்டையிலும்தான்.

இரண்டு பானை நியாயம் என்று நான் இப்போதும் சொல்லவில்லை, அக்கா. அது அநியாயம். பிள்ளையின் வாயில் போய்ச் சாதி பார்க்கிறவன் வெட்கப்பட வேண்டும். ஆனால் அந்த அநியாயத்துக்குள்ளேயே நீயும் அங்கம்மாவும் ஒரு வழி வெட்டி, அதில் இருபத்து மூன்று பிள்ளைகளை நடத்திக்கொண்டு போனீர்கள். நான் அந்த வழியைக் கை காட்டி, "பார்த்தீர்களா, நாங்கள் ஜெயித்துவிட்டோம்" என்றேன். இரண்டு தரப்பும் ஓடி வந்து அதை அடைத்துவிட்டன.

மழை பிடித்தது. மரத்தடியில் பிள்ளைகள் நனைந்து, கொசு கடித்து, தாய்ப்பாலை மட்டும் நம்பிக் கிடந்தன. அப்புறம் நீ செய்தது எனக்கு உன் சாவுக்குப் பிறகுதான் தெரியும். மேல் லயத்துத் தாய் ஒருத்தி சொன்னாள். அவள் பேரை எழுத மாட்டேன். பேர் சொல்லிப் பட்டது போதும்.

கொட்டகைப் பிள்ளைகளை நம் லயத்து நிறைமாதக்காரி செவந்தியிடம் விட்டுவிட்டு, ஒரு கையில் ஒரு கஞ்சித் தூக்கு, மறு கையில் ஒரு தூக்கு, கோணி மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு இரண்டு மேடு ஏறி இறங்கிப் போவாயாம். அட்டை கடித்துக் கணுக்காலில் ரத்தம் வழியுமாம். தூக்கைப் பாதையோரத்துக் கட்டைமேல் வைத்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பாயாம். அந்தத் தாய் வந்து தானே ஊற்றிக்கொண்டு பிள்ளைக்குக் கொடுப்பாள். ஒரு நாள் அவள் பயந்துகொண்டு, "யாராச்சும் கேட்டா என்ன சொல்ல, ஆயா?" என்றாளாம்.

"யாரும் கொடுக்கல, யாரும் வாங்கலன்னு சொல்லு."

பெரிய பெரிய ஆட்கள் இரண்டு பெஞ்சில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் பேசியும் எட்ட முடியாத இடத்தை நீ மழையில் முதுகைக் காட்டி நின்று எட்டியிருக்கிறாய். நான் அப்போது ஈப்போவில் அடுத்த விவாதத்துக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன்.

காய்ச்சல் வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் கொய்னா மருந்து கொடுத்தார். கொடுத்தும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உன்னைப் பார்த்தபோது கண்கள் மஞ்சளாக இருந்தன. நீ என்னைத் திட்டவே இல்லை. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம் அக்கா, கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். "மழை விட்டுச்சா?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டாய். விட்டுவிட்டது என்று சொன்னேன். விடவில்லை. மறுநாள் காலையில் நீ போய்விட்டாய்.

இனி எழுதப் போவதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றினேன் போலிருக்கிறது.

உன்னை எடுக்கிற அன்று ஈப்போவிலிருந்து லாரி பிடித்து எங்கள் சங்கத்தார் முப்பது பேர் வந்தார்கள். பழைய சடங்கு எதுவும் கூடாது, பேச்சு மட்டும்தான் என்பது எங்கள் சங்கத்து விதி. ஆமாம், எங்களுக்கும் விதி இருந்தது. மேல் லயத்துக்காரர்களை என்னத்துக்குச் சொல்வது? நாலாவது ஆள் பேசிக்கொண்டிருக்கும்போது அங்கம்மா வந்தாள். ஓடையைத் தாண்டி, கம்பை ஊன்றி, நம் லயத்துக்குள் தன் ஆயுளில் முதல் தடவையாக வந்தாள். முந்தானையில் ஒரு பிடி அரிசி.

"காத்தாயிக்கு வாய்க்கரிசி போடணும், வழி விடுங்கய்யா" என்றாள்.

இருதயம் அண்ணன் மரியாதையாகத்தான் தடுத்தார். "சடங்கு இல்லம்மா இங்க." பின்னாலிருந்து ஒருவன், "மேல் லயத்துக்காரங்க மொதல்ல மன்னிப்புக் கேக்கட்டும், அப்புறம் அரிசி போடலாம்" என்றான். அவளை விலக்கி வைத்த சாதிக்காக அவள் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். அங்கம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தாள். அவளுக்கு வெறும் நிழல்கள்தான் தெரிந்திருக்கும்.

"மாரி, நீ இருக்கியாப்பா? நீ சொல்லு" என்றாள்.

நான் நாலு முழத்தில் நின்றேன், அக்கா. ஒரு இருமல்தான் வந்தது. முப்பது பேர் என்னைப் பார்த்தார்கள். வாயைத் திறந்தால் சங்கத்து விதியை உடைத்தவன் ஆவேன். அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, அரிசியோடு திரும்பிப் போனாள். வாயை மூட வேண்டிய இடத்தில் ஊரைக் கூட்டிக் கத்தினவன், திறக்க வேண்டிய இடத்தில் ஊமையாக நின்றான். உன் வாயில் ஒரு மணி அரிசிகூட விழாமல் உன்னை மண்ணில் வைத்தோம். எனக்கு மாலை போட்ட அதே கைகள் உனக்கும் மாலை போட்டன.

ஒரு மாதம் கழித்து அங்கம்மாவைப் பார்க்கப் போனேன். வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"அன்னிக்கு நீ அங்க இருந்தியா?" என்றாள்.

"இருந்தேன், பெரியம்மா."

"தெரியும். உன் இருமல் கேட்டுச்சு."

விறகு கிடக்கிறது, பிளந்து போட்டுவிட்டுப் போ என்றாள். பிளந்து போட்டேன். கையெல்லாம் கொப்புளம். வாத்தியார் கை அல்லவா? அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் போகிறேன். அவள் மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை.

இனி உனக்குச் சேதி. நீ போன மூன்றாம் மாதம் மேல் லயத்துத் தாய்மார் பெரட்டுக் களத்தில் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, மழையில் இதுகளைத் தூக்கிக்கொண்டு நிரைக்குப் போக மாட்டோம் என்று அப்படியே நின்றுவிட்டார்கள். துரை கங்காணிமீது பாய்ந்தார். கங்காணி பஞ்சாயத்தைக் கூட்டினார். அங்கம்மாவைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். கொட்டகையில் இப்போது செவந்தி ஒரு பக்கம், அங்கம்மா ஒரு பக்கம். நடுவில் மூங்கில் தட்டி வைத்து அடைத்திருக்கிறார்கள். தூளிகளை மறுபடியும் கட்டியிருக்கிறார்கள். செவந்தி பெற்ற பெண்ணும் அதில் ஒன்றில் கிடக்கிறது, நல்ல தொண்டை அதற்கு.

போன ஞாயிற்றுக்கிழமை ஈப்போவில் மறுபடியும் விவாதம். அதே பெஞ்சுகள், அதே இரண்டு பக்கம். தோட்டத்தில் திரும்பவும் ஏதோ புகை கிளம்பியிருந்தது. கொட்டகையில் பழையபடி நடக்கிறதாம் என்று சிலர் பேசிக்கொண்டார்கள். தண்டபாணி எழுந்தான். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை.

"எல்லார் முன்னாலயும் வாத்தியார் சொல்லட்டும். கொட்டகையில இப்ப எத்தன பானை?"

அவன் ஏன் அதை எல்லார் முன்னாலும் கேட்டான்? எனக்குத் தெரியாது. கேட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் பகை இல்லை என்பது மட்டும் தெரிந்தது. இருதயம் அண்ணன் என் தோளைத் தட்டி, "சொல்லு மாரி, போன தடவை மாதிரி போடு ஒரு போடு" என்றார். எங்கள் பெஞ்சு முழுக்கக் கை தட்டத் தயாராக இருந்தது.

எழுந்தேன். "ரெண்டு பானைண்ணே. நடுவுல தட்டி. ஒவ்வொரு சனிக்கிழமையும் போறவன் நான், என் கண்ணால பார்த்தேன்" என்றேன்.

எதிர்ப்பக்கம் ஆரவாரம். "அக்கா செத்தும் ரெண்டுதானா!" என்று ஒருவன் விசிலடித்தான். எங்கள் பக்கம் தலை தொங்கியது. இருதயம் அண்ணன் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். தண்டபாணி மட்டும் சிரிக்காமல், சரி என்பது போல ஒரு தடவை தலையாட்டிவிட்டு உட்கார்ந்தான். சங்கத்தில் இனி என்னைப் பேச அழைக்க மாட்டார்கள். இந்தத் தடவை காது மடல் சூடாகவில்லை, அக்கா. அழுகைதான் வந்தது.

இரண்டு பானைதான். இதைப் படிக்கிறவர்களும் குறித்துக்கொள்ளட்டும். இனி எவன் எங்கே கேட்டாலும், எத்தனை பேர் சிரித்தாலும், இதையேதான் சொல்வேன்: ரெண்டு பானை, யாரும் கொடுக்கல, யாரும் வாங்கல. சின்னப் பிள்ளைகள் தின்கிற இடத்தை என் வாதத்துக்குச் சாட்சியாக இனி ஒருநாளும் இழுக்க மாட்டேன். இது உனக்கு நான் செய்கிற சத்தியம். இந்தத் தடவை எந்தப் பிள்ளை தலையிலும் கை வைக்காமல் செய்கிறேன், அந்த உரிமை எனக்கு இல்லை.

பிள்ளைகள் வருகிறார்கள், அக்கா. இருபத்து மூன்று பேரும் வருகிறார்கள்.

நீ ஊட்டி வளர்த்த,
உன்னைக் காட்டிக்கொடுத்த,
உன் தம்பி
மாரி